போர்முனை மருத்துவப் பணியாளரின் பணிமகிழ்வு: மதுரைச் சமவெளியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இடர் மிகுந்த இடங்களில் இயங்கும் படைத்துறை மருத்துவமனைகளின் பணியாளர் தம் பணியில் மகிழ்வு காண்பது எதனால் என்னும் வினா இக்காலத்தில் மேலாண்மையியல், உளவியல் ஆகிய துறைகளில் வினாநிரல் வழியாகவே பெரிதும் ஆராயப்படுகிறது. அவ்வினாவை வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு அணுக இக்கட்டுரை முயல்கிறது. மதுரைக்குரிய சங்கப் பாடலில் தொடங்கி, சென்னைப் படையின் மருத்துவமனைப் பணியாளர், மெசபொத்தேமியப் போர்முனை, இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் செவிலியர், கொரியப் போரில் பணியாற்றிய இந்திய மருத்துவப் பிரிவு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இடரைக் காட்டிலும் மதிப்பின்மையும் கருவியின்மையுமே மகிழ்வைக் கெடுத்தன என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: பணிமகிழ்வு, படை மருத்துவம், நெடுநல்வாடை, சென்னைப் படை, டோலி சுமப்போர், ஜான்சி ராணிப் படை, கொரியப் போர்.

முன்னுரை

போர் வரலாறு வென்றவர் பெயரையும் வீழ்ந்தவர் பெயரையும் பதிவு செய்கிறது. வீழ்ந்தவரைத் தூக்கிச் சென்றவர், புண்ணைக் கழுவியவர், இரவெல்லாம் அருகிருந்து நீர் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. பெயரே இடம்பெறாத நிலையில் அவர்தம் மனநிலையை அறிவது எங்ஙனம்? இவ்வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

பணிமகிழ்வு என்னும் கருத்தாக்கம் இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் துணையாசிரியரோடு 1959 இல் வெளியிட்ட ஆய்வு, பணியில் நிறைவு தருவனவும் நிறைவின்மை தருவனவும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல என்று கூறிற்று. ஊதியம், பணிச்சூழல், மேலதிகாரியின் நடத்தை போன்றவை குறைவுபடின் மனக்குறை தோன்றும். அவை நிறைவுபட்டால் மனக்குறை நீங்கும். ஆயினும் அதனால் மட்டும் மகிழ்வு பிறந்துவிடாது. செயலில் வெற்றி, பிறர் மதிப்பு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியனவே மகிழ்வைத் தருவன என்பது அவர் கருத்து. முன்னவற்றைக் குறைநீக்கும் காரணிகள் என்றும் பின்னவற்றை ஊக்கக் காரணிகள் என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. ஹெர்ஸ்பெர்க் ஆராய்ந்தது பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளரையும் கணக்கரையுமே. குண்டு விழும் இடத்தில் பணியாற்றுவோர்க்கு அக்கொள்கை எவ்வளவு பொருந்தும் என்பதை வரலாறே சோதித்துக் காட்டவல்லது.

ஆய்வுக்களமும் சான்றுகளின் இயல்பும்

மதுரையும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளியும் இந்த ஆய்வின் தொடக்கக் களம். இம்மண்ணிலிருந்து படைக்கும் கடல் கடந்த தோட்டங்களுக்கும் சென்றவர் பலர். ஆதலின் மெசபொத்தேமியா, பர்மா, கொரியா ஆகிய இடங்களும் இக்கட்டுரையுள் வருகின்றன.

சான்றுகள் மூவகை: இலக்கியம், அரசு அறிக்கைகள், பங்கேற்றோரின் நினைவுக் குறிப்புகள். இம்மூன்றும் பெரும்பாலும் மேலிருப்போர் எழுதியவை. அல்லது மேலிருப்போரைப் பாடியவை. கீழ்நிலைப் பணியாளர் தாமே எழுதியவை மிகச் சில. எனவே மகிழ்வை நேராகத் தேடுவதினும், முறையீடு, பணியை விட்டு நீங்குதல், நீங்காது நிற்றல், விரும்பி ஏற்றல் ஆகிய செயல்களிலிருந்து மனநிலையை உய்த்துணர்வதே இங்குக் கொள்ளப்படும் முறையாகும். மௌனத்தை மகிழ்வு எனக் கொள்வது பிழை என்பதும் தொடக்கத்திலேயே கூறப்பட வேண்டும்.

சங்க இலக்கியத்தில் புண்பட்டோர் பேணல்

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இயற்றிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி பாசறையைக் காட்டுகிறது. வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் அரசன் உறங்காமல், விழுப்புண் பட்ட வீரரைக் காணப் புறப்படுகிறான். விளக்குகளின் சுடர் காற்றில் சாய்ந்து எரிகிறது. வேப்பந்தழை கட்டிய வேலை ஏந்திய முன்னோன் ஒருவன் புண்பட்டோரை முறைமுறையாகக் காட்ட, அரசன் சிலரோடு மட்டும் சென்று பார்க்கிறான். அவ்வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூவைச் சுட்டுவதால் இப்பாட்டு அகம் அன்று, புறமே என உரையாசிரியர் கொண்டமை தமிழாய்வாளர் நன்கறிந்த செய்தி.

பணிமகிழ்வு நோக்கில் இக்காட்சி வேறொரு பொருளும் தருகிறது. தலைவன் தன் நலத்தை விடுத்து, தன் பொருட்டுப் புண்பட்டவரிடம் நேரில் சென்று நிற்கிறான். இன்றைய ஆய்வுகள் தலைமையின் அருகிருப்பு என்று கூறுவது இதனையே. ஆனால் அங்கு ஒரு வெற்றிடமும் உண்டு. அரசன் வந்து போகிறான். அவன் போனபின் புண்பட்டவனோடு இரவைக் கழித்தவர் யார் என்பது பாட்டின் நோக்கத்திற்குள் வரவில்லை.

அவ்வெற்றிடத்தைப் பிற பாடல்கள் ஓரளவு நிரப்புகின்றன. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281 ஆம் பாடல், புண்பட்ட தலைவனைப் பேண மனையில் தழை செருகி, வெண்சிறுகடுகு தூவி, இசை எழுப்பி, நறும்புகை காட்டும் மகளிரைக் காட்டுகிறது. புண்பட்டவனைப் பேய் தீண்டாமல் காக்கும் இச்செயலைத் தொடாக்காஞ்சி எனத் தொல்காப்பிய மரபு வகைப்படுத்தும். பதிற்றுப்பத்தின் 42 ஆம் பாட்டில் நெடிய வெள்ளூசியால் மார்புப் புண்ணைத் தைத்த செய்தி மீன்கொத்திப் பறவையின் உவமையோடு வருகிறது. தைத்தவன் யார் என்பது அங்கும் சொல்லப்படவில்லை. தழும்பு பெற்றவனே பாடப்படுகிறான்.

பின்னாளில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 நோயாளர் தங்கும் ஆதுலசாலை ஒன்றின் பணியாளரை வரிசைப்படுத்துகிறது. மருத்துவர், அறுவை செய்வார், மருந்து கொணர்வார், பணிப்பெண்டிர், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் அங்குக் குறிக்கப்பட்டுள்ளது. அது படை மருத்துவமனை அன்று. எனினும் மருத்துவப் பணியாளரின் படிநிலையும் ஊதியமும் ஆவணமாதற்கு அது சிறந்த சான்று. இலக்கியம் உணர்வைக் கூறிப் பணியாளரை மறைத்தது. கல்வெட்டு பணியாளரைக் கூறி உணர்வை மறைத்தது. இவ்விரு மௌனங்களுக்கும் இடையில்தான் நம் ஆய்வு நடைபெற வேண்டியுள்ளது.

சென்னைப் படையும் மதுரைச் சமவெளியின் காய்ச்சலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரைச் சமவெளி தொடர்போர்க் களமாயிற்று. 1763, 1764 ஆம் ஆண்டுகளில் யூசுப்கான் காத்து நின்ற மதுரைக் கோட்டையின் முற்றுகை, 1790 இல் திண்டுக்கல் கைப்பற்றப்பட்டமை, 1801 இல் பாஞ்சாலங்குறிச்சி, காளையார்கோயில் போர்கள் என ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. இப்படைகளோடு மருத்துவப் பணியாளரும் சென்றனர். அறுவை மருத்துவர் ஐரோப்பியர். புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசர், காயமுற்றோரைத் தூக்கும் டோலி சுமப்போர், காளையின்மேல் தோற்பைகளில் நீர் கொணரும் பக்காளிகள், துப்புரவு செய்யும் தோட்டிகள் ஆகியோர் இம்மண்ணினர்.

இவர்களுக்கு வாள் மட்டும் இடர் அன்று. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய பகுதிகளில் பெருங்காய்ச்சல் பரவிற்று. அதன் காரணத்தை ஆராயச் சென்னை அரசு வில்லியம் ஐன்ஸ்லி தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. நிலம், நீர், காற்று, வேளாண்மை ஆகியவற்றை ஆராய்ந்த அக்குழுவின் அறிக்கை 1816 இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புவது என்னும் உண்மை அன்று அறியப்படவில்லை. சென்னை மருத்துவப் பிரிவைச் சேர்ந்த ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரிய நுண்ணுயிரைக் காணும்வரை, எதிரி எங்கிருந்து வருகிறான் என்று அறியாமலேயே இப்பணியாளர் காய்ச்சலுக்கு நடுவில் பணியாற்றினர். கண்ணுக்குத் தெரியும் இடரினும் காரணம் தெரியாத இடர் மனத்தை மிகுதியாக வருத்தும்.

1835 இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டதன் முதல் நோக்கம் படைக்குத் தேவையான கீழ்நிலை மருத்துவப் பணியாளரைப் பயிற்றுவிப்பதே. அப்பள்ளியே பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. பயிற்சி டிரெசர்க்குத் திறனைத் தந்தது. ஆனால் படிநிலை மாறவில்லை. இந்திய மருத்துவத் துறையில் ஆங்கிலோ இந்தியர்க்கு ஒரு கிளையும் இந்தியர்க்கு ஒரு கிளையும் எனப் பிரிவினை நிலைபெற்றது. ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட் என்னும் பெயர் 1910 இல் சப்-அசிஸ்டெண்ட் சர்ஜன் என மாற்றப்பட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஏவலாளன் என்னும் பொருள் தொனிக்கும் பெயர் நீங்கி மருத்துவன் என்னும் பொருள் தரும் பெயர் வருவது, நாள்தோறும் அப்பெயரால் அழைக்கப்படுவோர்க்குச் சிறிய மாற்றம் அன்று.

இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனைகள் 1918 வரை படைப்பிரிவு தோறும் தனித்தனியே இயங்கின. படுக்கையும் உணவும் பெரும்பாலும் நோயாளியின் பொறுப்பு. ஐரோப்பியப் படைகளுக்கான மருத்துவமனைகளில் இருந்த வசதிகள் இங்கு இல்லை. இத்தகைய இடத்தில் பணியாற்றியவர், நோயாளி நலம் பெறாமைக்குத் தம் திறன் குறைவன்றி வேறு காரணம் உண்டு என்பதை அறிந்தே பணியாற்றினர்.

மெசபொத்தேமியா: கருவியின்மை தந்த துயர்

1914 இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது சென்னை மாகாண மக்கள் நிதி திரட்டி ‘மெட்ராஸ்’ என்னும் மருத்துவக் கப்பலை அமைத்தனர். பின்னாளில் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான டி. எம். நாயர் அக்கப்பலில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். பொதுமக்களின் ஆதரவு பெற்ற அக்கப்பலுக்கு நேர் எதிரான நிலை டைக்ரிஸ் ஆற்றில் நிலவியது.

1915 நவம்பரில் டெசிபான் போருக்குப்பின் காயமுற்ற வீரர் ஆற்றுப் படகுகளில் நெருக்கி அடுக்கப்பட்டுப் பாஸ்ராவுக்கு அனுப்பப்பட்டனர். வில்லில்லாத வண்டிகளில் ஏற்றப்பட்டு வழியில் துன்புற்றவர் பலர். கட்டு மாற்றப்படாமலும் கழிவு அகற்றப்படாமலும் அப்படகுகள் வந்து சேர்ந்தன. ‘வரேலா’ என்னும் மருத்துவக் கப்பலின் பொறுப்பில் இருந்த மேஜர் மார்க்கம் கார்ட்டர் என்னும் இந்திய மருத்துவப் பணி அலுவலர் இந்நிலையை மேலிடத்துக்கு எழுதினார். மேலதிகாரிகள் அவரைக் கடிந்து, சிறைப்படுத்துவதாகவும் அச்சுறுத்தினர். 1917 இல் வெளிவந்த மெசபொத்தேமிய விசாரணைக் குழு அறிக்கை அவர் கூறியவற்றை உண்மையென ஏற்றது. இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார்.

இந்நிகழ்ச்சி பணிமகிழ்வு ஆய்வில் தனிக் கவனத்துக்குரியது. கார்ட்டர் அஞ்சி முறையிடவில்லை. ஊதியம் குறைவு என்றும் முறையிடவில்லை. செய்யத் தெரிந்த பணியைச் செய்யவிடாத சூழலையே அவர் முறையிட்டார். காப்பாற்றக் கூடியவரைக் காப்பாற்ற இயலாமல் கண்முன்னே இழப்பது மருத்துவப் பணியாளரின் மனத்தில் உண்டாக்கும் புண்ணை இக்கால உளவியல் அறநெறிக் காயம் என்று வழங்குகிறது. உண்மையைக் கூறியவரே தண்டனைக்கு ஆளாகும் நிலை அக்காயத்தை ஆழப்படுத்துகிறது.

அறிக்கையும் ஆள்பற்றாக்குறையும் சேர்ந்து சில மாற்றங்களைக் கொணர்ந்தன. 1917 ஆம் ஆண்டளவில் காயமுற்றோரைச் சுமப்போர், கோவேறுகழுதை ஓட்டுவோர் ஆகியோர் ஊதியத்திலும் ஓய்வூதியத்திலும் போர்வீரர் நிலைக்கு நெருக்கமாக உயர்த்தப்பட்டனர். ஆனால் சமையலாளர், சலவையாளர், துப்புரவாளர், நீர் கொணர்வோர் ஆகியோர் அவ்வுயர்வில் உரிய பங்கு பெறவில்லை. ஒரே மருத்துவமனையில், ஒரே குண்டுவீச்சின்கீழ், சாதியும் தொழிலும் சார்ந்த பழைய வேலி அப்படியே நின்றது. 1918 இல் இந்தியப் படைகளுக்கும் நிலைய மருத்துவமனை முறை வந்தது. 1920 இல் சுமப்போரும் மருத்துவமனைப் பணியாளரும் ஒரே இந்திய மருத்துவமனைப் படைப்பிரிவாயினர். 1943 ஏப்ரல் 3 இல் அனைத்துக் கிளைகளும் இந்தியப் படை மருத்துவப் பிரிவாக ஒன்றிணைந்தன.

தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் முதல் உலகப்போர் நினைவுக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்னும் எண்ணிக்கையே அவற்றில் இருக்கும், பெயர்கள் இரா. சென்றவருள் துப்பாக்கி ஏந்தியவர் எத்துணைப் பேர், டோலி ஏந்தியவர் எத்துணைப் பேர் என்பதை அக்கல் கூறாது.

ஜான்சி ராணிப் படையின் செவிலியர்

மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் மலாயா இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற குடும்பங்களின் பெண்மக்கள் 1943 இல் வரலாற்றில் புதியதோர் இடத்தைப் பெற்றனர். சுபாஷ் சந்திர போஸ் தோற்றுவித்த ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938 இல் பட்டம் பெற்று, 1940 இல் சிங்கப்பூர் சென்ற மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்றார். படையில் சேர்ந்தோருள் பெரும்பான்மையினர் தமிழ்ப் பெண்கள். பலர் பள்ளி காணாதவர்.

அப்பெண்கள் துப்பாக்கிப் பயிற்சியும் செவிலிப் பயிற்சியும் பெற்றனர். 1944 இல் இம்பால் போர் நடந்தபோது அவர்கள் பர்மாவில் மேமியோ வரை சென்றனர். போர்முனைக்கு அனுப்பப்படுவோம் என்று எதிர்பார்த்தவர்க்கு மருத்துவமனைப் பணியே வாய்த்தது. குண்டடி பட்டவரினும் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி ஆகியவற்றால் நலிந்து திரும்பியவரே மிகுதி. மருந்தும் உணவும் குறைவு. வானூர்திக் குண்டுவீச்சும் இருந்தது.

இங்குப் பணிமகிழ்வின் முரண் ஒன்று வெளிப்படுகிறது. போரிட வேண்டும் என்னும் விருப்பம் நிறைவேறாதது ஏமாற்றமே. செவிலிப்பணி பெண்ணுக்கு இயல்பானது, போர் ஆணுக்குரியது என்னும் பழைய பிரிவினைக்குள் மீண்டும் தள்ளப்பட்ட உணர்வு அவ்வேமாற்றத்தில் கலந்திருந்தது. ஆயினும் படையில் இருந்தோர் பின்னாளில் அக்காலத்தைத் தம் வாழ்வின் பொருள் மிகுந்த காலமாகவே நினைவுகூர்ந்தனர். காரணங்களை உய்த்துணரலாம். தோட்டத்தில் கூலி என்று அழைக்கப்பட்டவர் படையில் பதவிப் பெயரால் அழைக்கப்பட்டனர். சாதியும் சமயமும் பாராத ஒரே அடுக்களை இருந்தது. எழுத்தறிவு கிடைத்தது. 1945 ஏப்ரல் இறுதியில் இரங்கூனை விட்டு நீங்கியபோது போஸ் அப்பெண்களோடு சிட்டாங் ஆற்றைக் கடந்து நடந்து சென்றார். நெடுநல்வாடை காட்டிய தலைமைப் பண்பின் தொலைதூர எதிரொலி இது எனலாம்.

இதனை வெறும் புகழ்ச்சியாகக் கொள்ளலாகாது. எழுதப்பட்ட நினைவுகள் பெரும்பாலும் கல்வி கற்ற தலைமைப் பெண்டிருடையவை. துணைத்தலைமையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் பின்னர் மலேசியப் பொதுவாழ்வில் சிறந்து 2000 இல் பத்மஸ்ரீ பெற்றார். இளம் வயதில் படையில் சேர்ந்த இராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, பெண்ணாசிரியர்க்குச் சம ஊதியம் கோரி இயக்கம் நடத்தினார். படையில் பெற்ற சமத்துவ உணர்வு பிற்காலப் பணியிடத்தில் உரிமைக் குரலாக வெளிப்பட்டதை இவர் வாழ்வில் காணலாம். ஆனால் போருக்குப்பின் மீண்டும் இரப்பர் மரத்தடிக்கே திரும்பிய பெண்கள் அந்நினைவை எங்ஙனம் சுமந்தனர் என்பதற்குக் குறிப்புகள் அரியன. பொருள் மிகுந்த பணியை ஒருமுறை சுவைத்தவர் பொருளற்ற பணிக்குத் திரும்புதல் தனித்துயர். அது பணிமகிழ்வு அளவீடுகளில் இடம்பெறுவதில்லை.

கொரியாவில் 60 ஆம் வான்குடை மருத்துவப் பிரிவு

1950 ஜூன் 25 அன்று கொரியப் போர் தொடங்கியது. போரிடும் படையை அனுப்பாத இந்தியா, 60 ஆம் வான்குடைக் கள மருத்துவப் பிரிவை அனுப்பிற்று. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். ஆற்காட்டைத் தம் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய இவர் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். 1941 இல் வான்குடையில் குதித்த முதல் இந்தியப் படைவீரர்களுள் ஒருவர். ஏறத்தாழ 340 பேர் கொண்ட அப்பிரிவு 1950 நவம்பர் 20 இல் பூசான் துறையை அடைந்தது.

சில நாள்களிலேயே சீனப்படையின் பெருந்தாக்குதலால் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. ஊர்தி இல்லாமையால் மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு வருமாறு கூறப்பட்டது. கருவிகளை விட்டால் பிரிவு பயனற்றதாகும் என்பதால் அவர்கள் உடன்படவில்லை. கைவிடப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றைக் கண்டெடுத்து, வரிசையாக நின்று வாளி வாளியாக நீர் நிரப்பி, தொடர்வண்டிப் பணியறிந்த தம் வீரரைக் கொண்டே அதனை ஓட்டி, பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னர் ஆற்றைக் கடந்தனர்.

இந்நிகழ்ச்சியை மெசபொத்தேமியாவோடு ஒப்பிடுக. இரண்டு இடத்திலும் ஊர்தி இல்லை. இரண்டு இடத்திலும் உயிர் இடர். மெசபொத்தேமியாவில் பணியாளரின் முன்முயற்சி அடக்கப்பட்டது. பியோங்யாங்கில் அதற்கு இடமளிக்கப்பட்டது. மேலிருப்போரும் கீழிருப்போரும் ஒரே வரிசையில் நின்று வாளி கைமாற்றினர். பணியாளரின் மனநிலையைத் தீர்மானிப்பது இடரின் அளவன்று, அவ்விடரை எதிர்கொள்ளும் செயலுரிமையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1951 மார்ச்சு 23 அன்று முன்சான் பகுதியில் அமெரிக்க வான்குடைப் படையோடு ரங்கராஜ் தலைமையில் 12 பேர் கொண்ட குழு குதித்தது. பிரிவின் மற்றொரு பகுதி மேஜர் என். பி. பானர்ஜி தலைமையில் தேகு நகரில் கொரியப் படையினர்க்கும் பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தது. இருவரும் மகாவீர் சக்கரம் பெற்றனர். 1954 பிப்ரவரி வரை அப்பிரிவு அங்கு நீடித்தது. 2020 ஜூலையில் கொரியக் குடியரசு ரங்கராஜை அம்மாதத்தின் போர்வீரராகச் சிறப்பித்தது. அப்போது அவர் மறைந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விடுதலைக்குப்பின் செவிலியரின் நிலை

படைகளின் செவிலியர் பணி இந்தியாவில் 1888 இல் பிரித்தானியச் செவிலியரோடு தொடங்கி, 1926 இல் இந்தியப் படைச் செவிலியர் பணியாக நிலைபெற்றது. 1943 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் படை அலுவலராக்கிற்று. எனினும் திருமணம் செய்துகொள்ளும் பெண் செவிலி அலுவலரைப் பணியிலிருந்து நீக்க இடமளித்த விதி ஒன்று 1977 ஆம் ஆண்டுப் படை ஆணையில் இருந்தது. அவ்வாணை 1995 இல் திரும்பப் பெறப்பட்டது. அதன்கீழ் 1988 இல் பணியிழந்த செவிலி அலுவலர் ஒருவரின் வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அவ்விதி பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்து, 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. பணிநீக்கத்துக்கும் நீதிக்கும் இடையில் 36 ஆண்டுகள். போர்முனையின் இடரைத் தாங்கும் உள்ளத்தை அலுவலகத்தின் ஒரு விதி முறித்துவிடக்கூடும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

ஆய்வு முடிவுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. இடர் தன்னளவில் பணிமகிழ்வைக் கெடுக்கவில்லை. மேமியோவிலும் கொரியாவிலும் இடர் மிகுதி. ஆயினும் பணியாளர் தம் பணியில் பெருமிதம் கொண்டனர். டைக்ரிஸ் ஆற்றில் துயர் தந்தது பணியைச் செய்ய இயலாமையே.

2. ஊதியம், ஓய்வூதியம், பதவிப்பெயர் ஆகியன மனக்குறையை நீக்கின. இவ்வளவில் ஹெர்ஸ்பெர்க் கொள்கை பொருந்துகிறது. ஆனால் சாதிப்படிநிலை நிலவிய இந்திய மருத்துவமனையில் பதவிப்பெயரும் ஒரே அடுக்களையும் குறைநீக்கும் அளவோடு நில்லாமல், மனித மதிப்பையே வழங்கி, ஊக்கக் காரணிகளாகவும் இயங்கின. இவ்விடத்தில் அக்கொள்கை திருத்தம் வேண்டி நிற்கிறது.

3. தலைமை இடரில் பங்கேற்பது சங்ககாலம் முதல் மதிக்கப்பட்ட பண்பு. எனினும் தலைவனின் வருகை, நாள்தோறும் உடனிருப்பவரின் உழைப்புக்கு ஈடாகாது.

4. மதிப்பளிப்பு பெரும்பாலும் மேல்நிலையினர்க்கே வாய்த்தது. அதுவும் காலந்தாழ்ந்தே வந்தது. சுமப்போர், நீர் கொணர்வோர், துப்புரவாளர் ஆகியோர் பதிவிலிருந்தே நழுவினர்.

முடிவுரை

இன்று படை மருத்துவமனைகளில் நடத்தப்படும் பணிமகிழ்வு ஆய்வுகள் மருத்துவரையும் செவிலியரையும் முதன்மையாக வினவுகின்றன. வரலாறு கற்பிக்கும் பாடம், அவ்வினாநிரல் ஊர்தி ஓட்டுநர், அடுக்களைப் பணியாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரிடமும் செல்ல வேண்டும் என்பதே. கல்வெட்டில் ஊதியமும் கல்லில் எண்ணிக்கையும் மட்டுமே எஞ்சியவர்க்கு நேர்ந்தது இன்னொரு தலைமுறைக்கும் நேரக்கூடாது.

மதுரைச் சமவெளியின் ஊர்களில் படை மருத்துவப் பிரிவுகளில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் இன்றும் வாழ்கின்றனர். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவரின் வழித்தோன்றல்களும் உள்ளனர். அவர்தம் வாய்மொழி நினைவுகளைத் தொகுத்து, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் மாவட்டப் பதிவுகளோடு ஒப்புநோக்கும் பணி இவ்வட்டார ஆய்வாளரை எதிர்நோக்கியுள்ளது. நக்கீரர் காட்டிய பாசறையில் அரசன் பார்த்துச் சென்றபின்னும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதற்கு எண்ணெய் வார்த்தவரின் கதையை எழுதுவதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.